200 மணி நேர கேப்டன்கள்

விமானிகளான எங்கள் தொழிலில் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முன் கேட்கப்படும் முக்கியமான கேள்வி எந்த விண்ணப்பப் படிவத்திலும் இருக்காது. ஓய்வறையில் காப்பிக்கு நிற்கும்போது மூத்த கேப்டன் யாராவது திரும்பிக் கேட்பார்: "இந்தப் பையனைத் தெரியுமா உனக்கு? சிலேத்தார் ஏர்போர்ட்ல பறந்தவனாம்." தெரியும் என்றால் இரண்டு நிமிடம் பேசுவோம். தெரியாது என்றால் கைபேசி வெளியே வரும். பெயரைத் தட்டினால் போதும். பையன் போன வாரம் எங்கே சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான், எந்த நடிகருக்காக உயிரைக் கொடுப்பான் என்பதுவரை வந்து விழும்.

நான் ஆள் எடுக்கும் குழுவில் இல்லை. ஆனால் அந்தக் காப்பி வரிசையில் பல முறை நின்றிருக்கிறேன். தமிழன் என்பதாலும், சமூக மன்றத்தில் மாணவர்களிடம் பேசப் போனதாலும், வேலை தேடும் இளம் விமானிகள் எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள். ஓட்டவும் நன்றாகவே தெரிந்தவர்கள். இணையத்தில் மட்டும் வேறு யாரோ மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, நிலைமை அப்படி. சிங்கப்பூரில் உள்நாட்டு வழித்தடம் என்ற ஒன்றே கிடையாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் புதுசாக உரிமம் வாங்கியவன் சின்ன விமானத்தில் சரக்கு ஏற்றியோ, பண்ணைகளுக்கு ஆள் கொண்டுபோய் விட்டோ மணி நேரம் சேர்ப்பான். இங்கே அதற்கு வழியில்லை. எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) குழுமத்தின் சிங்கப்பூர் ஃபிளையிங் காலேஜ் 1988 முதல் இருக்கிறது. கேடட்டாக, அதாவது ஏர்லைனின் பயிற்சி விமானியாக, தேர்வாகி அந்த வழியில் போகிறவனுக்கு வேலை முதலில், பயிற்சி பிறகு. தேர்வாகாதவன் சொந்தக் காசில் பெர்த் பக்கத்து ஜண்டகாட்டுக்கோ, நியூசிலாந்துக்கோ, பிலிப்பீன்ஸுக்கோ போய், லட்சம் வெள்ளியைத் தொடும் செலவில் சிபிஎல் என்ற கமர்ஷியல் விமானி உரிமம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். கையில் 200 மணி நேரம். ஏர்லைன் கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 வேண்டும். நடுவில் உள்ள 1,300 மணி நேரத்தை எங்கே போய்ப் பறப்பது என்று யாரும் சொல்வதில்லை.

போதாக்குறைக்குச் சந்தையும் அடிக்கடி கவிழ்கிறது. 2020 செப்டம்பரில் எஸ்ஐஏ குழுமம் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. 2025 ஜூலை 31ஆம் தேதி ஜெட்ஸ்டார் ஏஷியா கடைசியாகப் பறந்து மூடிக்கொண்டது. ஏ320 பயணி விமானம் ஓட்டிப் பழுத்த ஆட்களும் நேற்று உரிமம் வாங்கிய பையனும் ஒரே விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. வீட்டில் கடன், தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு தடவை "இன்னும் வேலை கெடைக்கலையா?" என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் இன்ஸ்டகிராமில் மட்டுமாவது விமானியாக இருப்போமே என்று தோன்றுவது புரிகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இன்ஸ்டகிராமில் அவன் விமானி ஆவதில்லை, நேரடியாகக் கேப்டன் ஆகிவிடுகிறான்.

பெயருக்கு முன்னால் 'கேப்டன்'. தோளில் நான்கு தங்கப் பட்டை. பின்னணியில் யாரோ ஒருவருடைய போயிங். நான்கு பட்டை கேப்டனுக்கு, மூன்று ஃபர்ஸ்ட் ஆபீசர் எனும் துணை விமானிக்கு என்பது வழக்கம். பட்டையை யூடியூப் பார்த்து வாங்கி மாட்டினால் போலீஸ் பிடிக்காது. ஆனால் அந்த நான்காவது பட்டைக்காகப் பத்துப் பதினைந்து வருடம் துணை விமானியாக வலது இருக்கையில் உட்கார்ந்தவர்தான் நேர்காணலில் எதிரே உட்காரப்போகிறார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் கைபேசியைத் திருப்பிக் காட்டுவார், அவ்வளவுதான்.

பட்டையாவது விளையாட்டு. இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் உள்ளே எடுத்தது. மாலை வெயில், கருவிப் பலகை முழுக்கத் தங்க நிறம், விமானத்தைத் திருப்பும் பிடியான யோக்கின் மேல் இடது கை, மணிக்கட்டில் புதுக் கைக்கடிகாரம். கீழே 'இதுதான் என் ஆபீஸ்' என்று எழுதி நெருப்புச் சின்னம். லைக்குகள் குவிந்திருந்தன. என்னோடு அதைப் பார்த்தவர் பல வருடப் பயிற்றுநர். அவர் வெயிலையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உயரமானியில் 600 அடி. வேகமானியில் 70 நாட். இறங்குவதற்காக இறக்கையில் விரிக்கும் ஃபிளாப் 20இல் நிற்கிறது. கண்ணாடிக்கு வெளியே, மூக்குக்கு நேராக, ரன்வே. வலது இருக்கை காலி.

"த்ராட்டில்ல கையைக் காணோம் பாரு," என்றார். இடது கை யோக்கில் இருக்கிறது. தரையிறங்கும் நேரத்தில் வலது கை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விட்டு நகரக் கூடாது. அந்தக் கையில்தான் கைபேசி.

படத்தைவிட மோசமானது அதற்குக் கீழே இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கருத்துப் பகுதியில் மரியாதையாகவே எழுதியிருந்தார், ஃபைனலில், அதாவது ரன்வேயை நோக்கி இறங்கும் கடைசிக் கட்டத்தில், கைபேசியை எடுக்காதே தம்பி என்று. பையனின் பதில் ஒரே சொல்: "பொறாமை." பிறகு சிரிக்கும் முகங்கள்.

பயிற்றுநர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். படத்தை மட்டும் பார்த்திருந்தால் அவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். 20 வயசில் யார்தான் ஆடவில்லை? அந்த ஒற்றைச் சொல்தான் கதவைச் சாத்தியது. இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஒருவர் தவறு செய்யும்போது மற்றவர் சொல்லவேண்டும், சொன்னதை முதலாமவர் காதில் வாங்கவேண்டும். 1977 மார்ச் 27ஆம் தேதி ஸ்பெயினின் டெனரீஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபோது, எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃபிளைட் எஞ்சினியர் கேட்டார். கேப்டன் விலகிவிட்டதாக அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் எஞ்சினியர் பேசவில்லை. இன்றைக்கு எல்லா ஏர்லைனிலும் கற்றுத்தரும் சிஆர்எம் (ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுச் சேர்ந்து வேலை செய்வது) பயிற்சி வளர்ந்ததற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம். ஒரு பையனைத் தரையிலேயே பறக்கப் பழகும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, அவன் தவறை வேண்டுமென்றே சுட்டிக்காட்டி, முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு நிறுவனங்கள் பணம் செலவழிக்கின்றன. இவன் இலவசமாகவே காட்டிவிட்டான்.

பறக்கும்போது கவனம் சிதறுவது பற்றி எங்கள் தொழில் இவ்வளவு கறாராக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1974 செப்டம்பர் 11ஆம் தேதி, அமெரிக்காவின் சார்லட்டில், ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் டிசி-9 ஒன்று மூடுபனியில் ரன்வேக்கு முன்பே தரையில் மோதி 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் இருந்தது. 1981இல் அங்கே 'ஸ்டெரைல் காக்பிட்' விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழேயும், தரையில் விமானம் நகரும்போதும், பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சும் வேலையும் கூடாது. உலகம் முழுக்க அதைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் கடைப்பிடிக்கிறோம். 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 188இன் விமானிகள் இருவரும் மடிக்கணினியில் பணி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய மினியாபொலிஸைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருடைய அழைப்புக்கும் பதில் இல்லை. உரிமம் பறிபோனது. 2014இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் சொந்த வேலைக்கு மடிக்கணினியையும் கைபேசியையும் ஏர்லைன் காக்பிட்டில் பயன்படுத்தத் தடை போட்டது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து நேர்காணலில் ஒப்பிக்கும் பையனின் இன்ஸ்டகிராம் பக்கத்திலேயே 600 அடிப் படம் இருந்தால் எதை நம்புவது?

படம் சாட்சியாகிவிடும் என்பதற்கு உச்சக்கட்ட உதாரணம் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் கலிஃபோர்னியாவில், முன்னாள் ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரரான ஒரு யூடியூபர், எஞ்சின் நின்றுவிட்டது என்று சொல்லிப் பாராசூட்டில் குதித்தார். விமானம் காட்டில் விழுந்தது. காணொளி லட்சக்கணக்கில் ஓடியது. அதே காணொளியை விமானத்துறை அதிகாரிகள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். எஞ்சின் நிற்பதற்கு முன்பே கதவு திறந்திருக்கிறது. முதுகில் ஏற்கனவே பாராசூட். கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட ஒரு முயற்சிகூட இல்லை. 2022 ஏப்ரலில் உரிமம் போனது. சிதைவுகளை அழித்து விசாரணையைத் தடுத்ததற்காக 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத்தண்டனையும் வந்தது. நம் பிள்ளைகள் யாரும் அந்த அளவுக்குப் போகமாட்டார்கள். ஆனால் படத்தைப் பார்க்கும் கண் அதே கண்தான்.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயம்: விபத்து நடந்த அன்றைக்கே வரும் நிபுணர்கள்.

2024 மே 21ஆம் தேதி, லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 மியன்மாரின் ஐராவதிப் படுகைக்கு மேலே கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி, பேங்காக்கில் இறங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் படுகாயம். அன்று மாலைக்குள் என் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தவை கொஞ்சநஞ்சமல்ல. ரேடார் செயலியிலிருந்து ஒரு கோட்டுப் படத்தை எடுத்துப்போட்டு, "ஐந்தே நிமிடத்தில் 6,000 அடி விழுந்தது" என்று தலைப்பு. அதை விளக்க ஆளாளுக்குக் குரல் பதிவு. அவற்றில் இரண்டு, உரிமம் வாங்கி வேலைக்குக் காத்திருந்த நம் பையன்களுடையவை. ஒருவன் விமானிகள் வானிலை ரேடாரைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

மே 29ஆம் தேதி சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு தன் முதற்கட்டத் தகவலை வெளியிட்டது. நிமிடக்கணக்கே இல்லை, எல்லாம் நொடிக்கணக்கு. 0.6 நொடியில் விமானத்தின் மேல் இருந்த விசை +1.35ஜியிலிருந்து (1ஜி என்பது சாதாரணப் புவியீர்ப்பு) -1.5ஜிக்கு மாறியிருக்கிறது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதியது அப்போதுதான். அடுத்த நான்கு நொடியில் +1.5ஜி, எழும்பியவர்கள் கீழே விழுந்தார்கள். அந்த 4.6 நொடியில் விமானம் இழந்த உயரம் 178 அடி. எல்லோரும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய 6,000 அடி, அதற்குப் பிறகு, காயமடைந்தவர்களோடு பேங்காக் போக முடிவெடுத்து விமானிகள் நிதானமாக 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு இறங்கியது.

இறங்குவதற்கும் விழுவதற்கும் வித்தியாசம் தெரியாத பயணி அப்படிச் சொன்னால் பரவாயில்லை. கமர்ஷியல் உரிமம் வைத்திருப்பவன் சொல்லலாமா? ஐந்து நிமிடத்தில் 6,000 அடி என்றால் நிமிடத்துக்கு 1,200 அடி. சாதாரணமாக இறங்கும் வேகம்கூட அதைவிட அதிகமாக இருக்கும். கூட்டல் வகுத்தல் செய்திருந்தாலே தெரிந்திருக்கும். 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா 787 விழுந்தபோதும் இதே கதை. தமிழ்க் காணொளிகளில் அன்று இரவுக்குள் ஆறேழு காரணங்கள் 'உறுதி' ஆகிவிட்டன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஆறேழு.

இதில் குடும்பத்தின் பங்கும் உண்டு. "டேய் தம்பி, நீதான் பைலட்டாச்சே, என்னடா ஆச்சு?" என்று பெரியம்மா குழுவில் கேட்டால், தெரியாது என்று சொல்ல வாய் வராது. அத்தனை செலவு செய்து படித்தவன் தெரியாது என்பதா? நான் சொல்லிக்கொடுப்பது இது: "விசாரணை முடியட்டும் பெரியம்மா, இப்போ யார் சொன்னாலும் நம்பாதீங்க. நீங்க ஏறினா பெல்ட்டைக் கழட்டாம உக்காருங்க." அதில் பொய் இல்லை, அலட்டல் இல்லை, பெரியம்மாவுக்குப் பயனும் உண்டு. அறிக்கை வந்த பிறகு அதை எடுத்துப் படித்து, தமிழில் நாலு பத்தி விளக்கி எழுது. அதற்குத்தான் இங்கே ஆள் குறைவு. விபத்து விசாரணை யார் மேலும் பழி போடுவதற்கு அல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதற்கு என்பது ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்கோவின் 13ஆவது இணைப்பில் எழுதியே இருக்கிறது. நேர்காணலில் சமீபத்து விபத்து ஒன்றைப் பற்றிக் கேட்பார்கள். அறிக்கையில் உள்ளதையும் உன் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள்.

ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். அலைவரிசை மாறியதும் உடனே பொத்தானை அழுத்தாதே, யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேள், என்ன சொல்லப்போகிறாய் என்று மனசில் கோர்த்துக்கொள், பிறகு சுருக்கமாகப் பேசு என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பேசுவது கோபுரத்துக்கு மட்டும் அல்ல, அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொன்னார்கள்.

"அப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா அண்ணே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. நிறையப் பேருக்கு உண்மையான மனக்குறை இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. போய்ப் பார்த்தால் விமானங்களில் பாதி பழுதில் நிற்கிறது, பயிற்றுநர்கள் ஏர்லைனுக்குத் தாவிவிட்டார்கள், 14 மாதத்துப் படிப்பு இரண்டரை வருடம் இழுக்கிறது. இதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தொழில் நிற்பதே புகார்களின் மேல்தான். தவறை மறைக்கிறவனைவிடச் சொல்கிறவன்தான் காக்பிட்டில் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்கிறான் என்பதில் ஆள் தெரிந்துவிடுவான். பறந்த தேதி, ரத்தான தேதி, கட்டிய தொகை, அனுப்பிய மின்னஞ்சல் என்று வரிசையாக எழுதி முதலில் பள்ளிக்கும் அடுத்து அந்த நாட்டு ஆணையத்துக்கும் அனுப்புகிறவன் ஒரு ரகம். ராத்திரி ஒரு மணிக்குப் பயிற்றுநரின் பெயரைப் போட்டு, அவர் குடும்பத்தையும் இழுத்து, பெரிய எழுத்தில் பதிவு போடுகிறவன் இன்னொரு ரகம். இங்கே உள்ள நிறுவனத்தோடு பணத் தகராறு என்றால் 20,000 வெள்ளிவரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000வரை. வழக்கறிஞர் வேண்டாம். ஃபேஸ்புக் பதிவால் ஒரு வெள்ளி திரும்ப வந்து நான் பார்த்ததில்லை. அவதூறு என்று எதிர்த்தரப்புக் கடிதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெயரில்லாமல் எழுதினால் தெரியாது என்று நினைப்பதும் வீண். "ஜண்டகாட்டில் படித்தேன், சிங்கப்பூரன், 215 மணி நேரம், போன மாதம் நேர்காணலில் இரண்டாம் சுற்றில் தோற்றேன்" என்று எழுதினால், இந்த ஊரில் அந்த வர்ணனைக்குப் பொருந்துகிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். உன்னோடு அந்தச் சுற்றில் உட்கார்ந்தவனும் படிக்கிறான், கேள்வி கேட்டவரும் படிக்கிறார்.

நேர்காணல் கேள்விகளைக் குழுவில் பகிர்வது தனிக் கூத்து. என் நண்பர் ஒருவர் சொல்லிச் சிரித்தார்: ஒரே காலையில் மூன்று பையன்கள் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொன்னார்களாம், சொல் மாறாமல். அந்தப் பதிலில் இருந்த ஒரு தப்பும் மாறவில்லை.

மணி நேரக் கணக்கும் இணையத்தில்தான் கசிகிறது. லிங்க்ட்இன்னில் 260. விண்ணப்பத்தில் 218. விசாரித்தால் சிமுலேட்டர் நேரத்தையும் சேர்த்துப் போட்டிருப்பான். சின்ன விஷயம் என்று நினைப்பான். எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியாது, ஏனென்றால் இந்த வட்டாரத்தில் நடந்தது நினைவில் இருக்கிறது. 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியலைக் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். 2020 ஜூனில் பாகிஸ்தான் அமைச்சர் நாடாளுமன்றத்தில் தம் நாட்டு விமானிகள் 860 பேரில் 262 பேரின் உரிமம் சந்தேகத்துக்குரியது என்றார். சில நாட்களிலேயே ஐரோப்பா பாகிஸ்தானின் ஏர்லைனான பிஐஏவுக்குக் கதவைச் சாத்தியது. நேர்மையாகப் பறந்த ஆட்களும் அதில் அடிபட்டார்கள். 218 என்றால் 218 என்றே எழுது. எவனும் 218க்காக உன்னை நிராகரிக்கப்போவதில்லை, எல்லாப் பயல்களும் அதே 218தான் வைத்திருக்கிறார்கள்.

உரிமம் கைக்கு வந்த அன்றே அதைப் படம் எடுத்துப் போடாதீர்கள். உரிம எண், பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கிறது. வேலை தேடும் விமானிகளைக் குறிவைத்தே மோசடிகள் வருகின்றன. பெரிய ஏர்லைனின் பெயரும் சின்னமும் போட்ட மின்னஞ்சல், 'நேர்காணல் பதிவுக் கட்டணம்', 'மருத்துவப் பரிசோதனை முன்பணம்'. நேர்காணலுக்கே காசு கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களைப் படம் எடுப்பது பற்றி, விமானப்படைத் தளத்தில் தேசிய சேவை செய்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கே உரிய ஒன்று பாக்கி. 2012இல் ஒரு பெரிய அமைப்பின் உதவி இயக்குநர், புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் மலாய்த் திருமணங்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேவலமாக எழுதினார். மறுநாளே வேலை போனது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பொதுவாகத் தெரியும். தமிழில் எழுதும்போதுதான் மறந்துவிடுகிறார்கள். யாருக்குப் புரியப்போகிறது என்ற நினைப்பு. தல, தளபதி சண்டையில் எதிராளியின் சாதியையும் அம்மாவையும் இழுத்து எழுதியதெல்லாம் அப்படியே கிடக்கிறது. மொழிபெயர்க்க ஒரு பொத்தான் போதும், அதுவும் வேண்டாம், அந்தக் காப்பி வரிசையில் நான் நிற்கிறேனே. பழசை அழியுங்கள். அழிப்பது ஏமாற்று வேலை என்று ஒரு தம்பி வாதாடினான். பதினேழு வயசில் எழுதிய அசிங்கத்தைத் துடைப்பதில் என்ன ஏமாற்று? யாராவது ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து கேட்டால், ஆமாம் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் முடிந்தது.

நல்லதும் ஒன்று சொல்லவேண்டும். ஜண்டகாட்டில் படித்த நம் ஊர்ப் பெண் ஒருத்தி லிங்க்ட்இன்னில் எழுதிய பதிவை நானே நாலு பேருக்கு அனுப்பினேன். படம் ஒன்றே ஒன்று, பென்சிலில் குறித்த வழித்தட வரைபடம், அதில் ஒரு கோடு பாதியில் அடிக்கப்பட்டிருந்தது. தெற்கே பன்பரி பக்கம் தனியாகப் போகும்போது மேகம் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து வந்திருக்கிறது. திரும்பிவிட்டாள். எவ்வளவு எரிபொருள் இருந்தது, யாரிடம் என்ன சொன்னாள், எந்த நேரத்தில் முடிவெடுத்தாள் என்று எழுதிவிட்டு, பத்து நிமிடம் முன்னாலேயே திரும்பியிருக்க வேண்டும், அந்தப் பத்து நிமிடம் காசை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதியிருந்தாள். கேப்டன் என்று போட்டுக்கொள்ளவில்லை. பட்டையும் இல்லை. யாரோ ஒருவர் மாற்று விமான நிலையத்தை ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டதற்கு, "அது எனக்குத் தோன்றவில்லை, நன்றி, அடுத்த முறை திட்டத்திலேயே போடுகிறேன்" என்று பதில். எனக்குத் தெரிந்த இரண்டு கேப்டன்கள் அவள் விண்ணப்பித்துவிட்டாளா என்று என்னிடமே விசாரித்தார்கள்.

எனக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்: "ஹாய் ப்ரோ, எனி வேகன்சி?" அதற்கு நான் என்ன பதில் எழுத? பெயர், எந்த நாட்டு உரிமம், என்னென்ன ரேட்டிங் (எந்தெந்தக் கூடுதல் தகுதி), மொத்த நேரம், கடைசியாகப் பறந்த தேதி, மருத்துவச் சான்று எதுவரை, என்னிடம் குறிப்பாக என்ன வேண்டும். ஆறேழு வரிதான். கடைசியாகப் பறந்த தேதியைப் பலர் எழுதுவதே இல்லை, நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு வரி நினைவூட்டலாம். 'நீலக்குறி வந்தும் பதில் இல்லையே' என்று எழுதாதீர்கள். நான் அப்போது அட்லாண்டிக் மேலே இருந்திருக்கலாம், தூங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம்.

கடைசியாக அப்பாக்கள். இது ஒரு தனிப் பிரிவாக வளர்ந்து வருகிறது. ஏர்லைனின் ஃபேஸ்புக் பக்கத்தில், புதுச் சாப்பாட்டு வகை பற்றிய பதிவின் கீழே, "என் மகன் விண்ணப்பித்து நான்கு மாதம் ஆகிறது, திறமைக்கு மதிப்பில்லையா?" என்று மகனின் முழுப்பெயரோடு கருத்துப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஈசூனில் பக்கத்து புளோக்காரர்தான், நல்ல மனிதர், வீட்டை அடகு வைத்துப் படிக்கவைத்தவர். பையன் அவமானத்தில் இரண்டு நாள் வீட்டில் பேசவில்லை. கோப்பிக்கடையில் உட்காரவைத்து அந்தக் கருத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். "அப்போ நான் என்னதாங்க செய்யறது, சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" என்றார். பையனின் முதல் வகுப்பு மருத்துவச் சான்று எப்போது முடிகிறது என்று கேட்டேன். 40 வயதுக்குக் கீழே அது 12 மாதத்துக்குத்தான் செல்லும். அவருக்குத் தெரியவில்லை, மகனைக் கூப்பிட்டார். ஐந்து வாரம் முன்னாலேயே முடிந்திருந்தது. இப்போது அந்தத் தேதி அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, சிமுலேட்டர் சோதனைக்கான தொகையைச் சேர்த்துவைக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். ஃபேஸ்புக் கணக்கு இன்னும் வைத்திருக்கிறார், சமையல் காணொளி பார்ப்பதற்கு.